சிடுமூஞ்சி அண்ணனின் மூன்று துண்டுகள்

ஒரே ஆளை மூன்று துண்டாக, மூன்று வீட்டில், ஒரே காலைப்பொழுதில் கண்டுபிடித்தவன் நான். மூன்று துண்டும் உயிரோடு இருந்தன. ஒரு துண்டு என்னைப் பார்த்து "அறிவிருக்கா?" என்று கேட்டது. இன்னொரு துண்டு நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. மூன்றாவது துண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் என்னைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கச் சொன்னது. இத்தனைக்கும் அந்த ஆள் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை.

சிரிக்காதீர்கள். பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். யாரோ இருக்கையில் விட்டுப்போன பல்செட்டை, பக்கத்தில் கிடந்த பாதி பிஸ்கட்டின் கடிவாயை வைத்தே உரியவர் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தவன். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் துப்பறிகிறேன். எனக்கு உதவியாளர் என் மருமகள். ஸ்கூட்டர் அவளுடையது, மூக்கு அவளுடையது, மூளை என்னுடையது. "மூளை யாருதுன்னு கேஸ் முடிஞ்சதும் பேசிக்கலாம் மாமா" என்பாள்.

அன்று காலை அழுதுகொண்டே கேஸ் கொண்டுவந்தவள் மருமகளின் தங்கை. சமையலறைக் குப்பைத்தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். வீடு வீடாகப் போய், தொட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்படித் திறக்கிறீர்கள், எதற்காக அதைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும். குடும்பத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர்.

கையில் ஒரு சுருள். விரித்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு படம். கையால் வரைந்த ஒரு மனிதன், புளித்த மோரைக் குடித்த முகம். தலைப்பில் 'சிடுமூஞ்சி அண்ணன்'. கீழே அவன் சொன்னதாக நாலு வரி.

'மூடியை முழங்கையால்தான் திறப்பேன்.'

'தொட்டியை ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் திருடன் வந்துவிடுவான்.'

'சத்தம் வராமல் குப்பை போட எனக்கு மட்டும்தான் தெரியும்.'

'இந்த மூடி கடிக்கும்.'

"யாரும்மா இந்த ஆள்?" என்றேன்.

"யாருமில்ல மாமா. அதான் பிரச்சனையே." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெர்சோனான்னு சொல்வோம். மாதிரி ஆள். பல வீட்டுல பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளா தைச்சு சுவத்துல மாட்டிடுவோம். தொட்டி செய்றவங்க தனக்குப் பிடிச்ச மாதிரி செய்யாம, இந்த ஆளுக்குச் சரிப்படுமான்னு பார்த்துச் செய்யணும். அதுக்குத்தான்."

"ஒருத்தர் கை, ஒருத்தர் வாய், ஒருத்தர் கோபம்?"

"ஆமா மாமா."

"வெட்டுத்துணியில சட்டை" என்றாள் மருமகள். "அதுக்கு ஏன்டி அழற?"

விஷயம் இதுதான். கம்பெனியில் வடிவமைப்புத் தலைவர் ஒருவர். அந்தத் தொட்டியின் ஸ்பிரிங் மூடி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மூடி கடிக்கும் என்று சுவரில் எழுதி மாட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? நேரே முதலாளியம்மாவிடம் போய், இந்த ஆள் கேள்விக்காரி வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய ஆள் என்று சொல்லிவிட்டார்.

"முதலாளியம்மா என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒரு ஆள் இருந்தா கூட்டிட்டு வா. இல்லன்னா பொய் ஆய்வு பண்ணினேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போன்னுட்டாங்க. இன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி. பொய் ஆய்வுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா இந்தத் தொழில்ல ஒருத்தரும் என்னை வாசல்ல விடமாட்டாங்க மாமா."

"தலைவரும் ஒரு மாதிரி ஆள் வச்சிருப்பாரே?"

"மலர்ச்சி மேடம். எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்களை இன்னைக்கு நேர்லயே கூட்டிட்டு வர்றாராம்."

"நேர்லயா?" என் காது விடைத்தது. "அவங்களும் தைச்ச ஆள்தானே?"

"அப்படித்தான் நானும் நினைச்சிருந்தேன்."

"சரி, உன் அண்ணனுக்குத் துணி கொடுத்த வீடுகளைச் சொல்லு. ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம்."

"சொல்லமாட்டேன் மாமா."

மருமகள் எழுந்தே விட்டாள். "என்னடி சொல்லமாட்டேன்?"

"பேரும் வீடும் வெளியே வராதுன்னு வாக்குக் கொடுத்துத்தான் பேச வச்சேன் அக்கா. பதிவையும் அழிச்சுட்டேன்."

"வேலை போகப்போகுதுடி!"

"போகட்டும். வாக்குப் போச்சுன்னா அடுத்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது."

அழுகிற மூஞ்சியோடு அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதுதான் நிஜமாகப் பிடித்தது.

"சரி, ஆளை விடு. தொட்டியைப் பத்திச் சொல்லு. வேற தொட்டியில இல்லாதது உங்க தொட்டியில என்ன இருக்கு?"

"நாத்தம் வராம இருக்க ஒரு பொடி தூவணும் மாமா. ரோஸ் கலர். அது இன்னும் கடைக்கே வரல. பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்த வீடுகள்ல மட்டும்தான்..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல!"

"நீ சொல்லலம்மா" என்றேன் செருப்பை மாட்டிக்கொண்டே. "மிச்சத்தைக் குப்பை சொல்லும்."

*

எந்தத் தெரு என்பதைத் தான்தான் கண்டுபிடித்ததாக மருமகள் சொல்லிக்கொள்வாள். தங்கை சாப்பாட்டு இடைவேளையில் நடந்தே போய்ப் பேட்டி எடுத்துவிட்டு வருவாள் என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனிக்கு முன்னால் நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் கிடங்குகள், பின்னால் ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம். இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டாம், ஸ்கூட்டர் போதும்.

அந்தக் கட்டடத்தில் குப்பையைப் பையில் கட்டி அவரவர் கதவுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். யாரோ வந்து எடுக்கும்வரை அது அங்கேயே உட்கார்ந்து பழுக்கும். நாங்கள் போன நேரம், எல்லாம் நன்றாகப் பழுத்திருந்தது.

நாற்றம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. அந்த வராந்தாவில் நாற்றம் நின்றுகொண்டிருந்தது. ஆணி அடித்தால் சட்டையை மாட்டலாம். வாழைப்பழத் தோல் கறுத்துக் கரைந்து ஒழுகியது. மீன் முள்ளும் முட்டை ஓடும் ஈரத் தேயிலைத்தூளோடு சம்பந்தம் செய்துகொண்டிருந்தன. ஒரு பையில் தலைமுடிக் கற்றை ஒன்று சுருண்டு கிடந்தது. அது மூச்சு விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஈக்கள் எங்களை வரவேற்றதில் ஒரு குடும்பப் பாசமே இருந்தது.

"மாமா, துப்பறியிறதுன்னா கோட்டு போட்டுக்கிட்டு ஹோட்டல் மாடியில நிக்கிறதுன்னு சொன்னீங்களே" என்றாள் மருமகள், துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக்கொண்டு.

"அது அடுத்த கேஸ்."

"இந்தக் கேஸ்ல எனக்கு வாந்திதான் வருது."

"வந்தா அந்தப் பக்கம் பண்ணு. தடயம் அழிஞ்சிடும்."

ஒவ்வொரு பையாக முடிச்சை அவிழ்ப்பது, ரோஸ் நிறம் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லை என்றால் குமட்டலை விழுங்கிக்கொண்டு கட்டுவது. இரண்டாவது மாடியில் ஒரு பை. அவிழ்த்ததும் உள்ளே சீழும் சந்தனமும் கலந்தது போல ஒரு குழம்பு. ரோஸ்! என் விரல் நகத்துக்குள் புழு ஒன்று குடியேறப் பார்த்தது. சந்தோஷத்தில் அதைக்கூட நான் உதறவில்லை.

அப்போது கதவு திறந்தது. குளித்துத் தலை சீவிய ஒரு மனிதர். நான் அவர் வீட்டுக் குப்பையில் மணிக்கட்டுவரை இருந்தேன்.

"யோவ், அறிவிருக்கா? அடுத்தவன் குப்பையில கையை விட்டுக்கிட்டு நிக்கிற?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கதவை அவர் முழங்கையால் தள்ளிச் சாத்தியதைப் பார்த்தேன். கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் லிஃப்ட் பொத்தானையும் முழங்கையாலேயே அழுத்தினார்.

"ஆபரேஷன் தியேட்டர்லதானே வேலை பார்க்கிறீங்க?" என்றேன்.

மனிதர் நின்றுவிட்டார். "யார் சொன்னது?"

"உங்க முழங்கை. கழுவின கையால எதையும் தொடக்கூடாதுன்னு பழகின ஆளுங்க மட்டும்தான் வீட்டுலயும் இப்படி இருப்பாங்க. குப்பைத்தொட்டி மூடியையும் இதே முழங்கையாலதானே திறப்பீங்க?"

"கழுவின கையைப் பத்தி நீ பேசுறியாக்கும்" என்று என் விரல்களைப் பார்த்து முகம் சுளித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேள்விக்காரி யார் பெயரையும் சொல்லவில்லை என்பதையும், அதனால் அவளுக்கு வேலை போகப்போகிறது என்பதையும் சொன்னேன்.

"அந்தக் கேள்வி கேக்குற பொண்ணா?" அவர் குரல் மாறியது. "நான் பேசினதைக் குறுக்க பேசாம முழுசாக் கேட்ட ஒரே ஆள் அதுதான்யா. என் சம்சாரம்கூடக் கேட்டதில்ல. வர்றேன். ஆனா நீ மொதல்ல கையைக் கழுவு. பார்க்கவே சகிக்கல."

முதல் துண்டு.

மூன்றாவது மாடியில் எல்லாப் பைகளும் தரையில் கிடக்க, ஒன்று மட்டும் கதவுக் கம்பியின் உச்சியில் தொங்கியது. அடியில் ரோஸ் நிறம் கசிந்து, கம்பி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"உயரமா மாட்டியிருக்காங்க" என்றாள் மருமகள். "கீழே வச்சா திருடன். மாமா, நாய்!"

"நாயா? எங்கே?" என்று நான் குதித்ததை அவள் இன்றுவரை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கதவைத் தட்டினாள். திறந்தவர் மலை மாதிரி ஒரு லாரி ஓட்டுநர். மீசையிலேயே துணி காயப்போடலாம். கால்களுக்கு நடுவில் ஒரு குட்டை நாய், வாயில் எங்கோ திருடின கோழி எலும்பு.

"தங்கம், கீழே போடு. போடுடா செல்லம். அப்பா பேச்சைக் கேளு" என்று அந்த மலை கெஞ்சியது. நாய் கேட்கவில்லை. எச்சில் ஒழுகிய எலும்பை அவர் வெறும் விரலால் பிடுங்கி, அதே விரலால் என் கையைக் குலுக்கினார். ஆபரேஷன் தியேட்டர்காரர் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது துண்டு.

மூன்றாவதற்கு நாலாவது மாடி ஏறினோம். அங்கே ஒரு ரோஸ் பை. ஆனால் நான் பையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தேன். அழைப்பு மணிப் பொத்தான் மேல் பஞ்சு வைத்து டேப் ஒட்டியிருந்தது. தாழ்ப்பாளுக்குக்கூட ஒரு பழைய காலுறை மாட்டியிருந்தது.

"கைக்குழந்தை" என்று கிசுகிசுத்தேன்.

மருமகள் நகத்தால் கதவைச் சுரண்டினாள். இரண்டு விரல் அளவு திறந்தது. உள்ளே ஒரு பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். "சத்தம் போடாதீங்க. மூச்சு விடாதீங்க. பால் கொடுத்துக்கிட்டிருக்கேன், வெளியே நில்லுங்க" என்று காற்றாலேயே பேசினாள்.

"சிடுமூஞ்சி அண்ணன் பால் கொடுக்கிறார்" என்றாள் மருமகள் என் காதில். "மாமா, இந்த ஆள் இருக்கிறதை நானே நம்பல. முதலாளியம்மா எப்படி நம்புவாங்க?"

நான் குனிந்து அந்த ரோஸ் பையின் முடிச்சை ரொம்ப முக்கியமாக ஆராய்ந்தேன்.

*

கம்பெனிக் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது எனக்கு அந்த வராந்தா சொர்க்கமாகத் தோன்றியது.

தலைவர் வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வந்திருந்தார். மல்லிகை, எலுமிச்சை, இன்னும் என்னவெல்லாமோ. நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. சுவர் முழுக்கச் சிரிக்கும் படங்கள். நடுவில் மலர்ச்சி மேடத்தின் படம், வெயில் பட்டு மங்கி, பல் மட்டும் மங்காமல். அதன் கீழேயே நாற்காலியில் நிஜ மலர்ச்சி மேடம், அதே பல்லோடு. மேசை நடுவில் பச்சை நிறத் தொட்டி.

மேசையின் தலைப்பக்கத்தில் முதலாளியம்மா. பிளாஸ்டிக் வாளி செய்து மேலே வந்தவர். பேச்சும் வாளியைத் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

"ஆரம்பிங்க" என்றார்.

தலைவர் கையைக் காட்டினார். மலர்ச்சி மேடம் எழுந்து சொன்னார்: "எனக்கு வயது முப்பத்தெட்டு. என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சுத்தமான சமையலறைதான் என் கனவு. ஒரே மிதியில் திறக்கும் இந்த மூடி எனக்கு நிம்மதி தருகிறது."

எனக்கு உடம்பு கூசியது. குப்பைத்தொட்டியை நேசிக்கும் மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசின் ஒட்டும் போலிருந்தது.

"கேட்டீங்களா மேடம்?" என்றார் தலைவர். "படத்துல இருக்கிறது அப்படியே நேர்ல. ஒரு எழுத்து மாறல. இதுதான் ஆய்வு."

அந்த 'ஒரு எழுத்து மாறல' என் மூளையில் மணி அடித்தது. அடித்த சத்தம் வெளியே கேட்டிருக்கும்; மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றேன் முதலாளியம்மாவிடம். "இந்தப் படம் இங்கே எப்போ மாட்டினது?"

"பழைய ஆபீஸ்லயே மாட்டியிருந்தது. இங்கே வரும்போது தூக்கிட்டு வந்தோம். மூணு வருஷம் இருக்கும். நீங்க யாரு?"

"கேள்விக்காரியோட உறவு." மலர்ச்சி மேடம் பக்கம் திரும்பினேன். "மேடம், மூணு வருஷத்துக்கு முன்னாடி பேட்டி கொடுத்தப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"இப்போ?"

"முப்பத்தெட்டு."

"என்ன சோப்பு போடுறீங்க மேடம்?" என்றாள் மருமகள்.

"உங்க மகள் அப்போ என்ன வகுப்பு?"

"மூணாவது."

"இப்போ?"

"மூணா..." சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் தலைவரை நோக்கி ஓடியது. "சார், இந்தக் கேள்வி நீங்க கொடுத்த பேப்பர்ல இல்லையே!"

அறையில் ஈ ஒன்று பறந்தது. எங்களோடு வந்த ஈதான்.

"காகிதத்துல இருக்கிற ஆளுக்கு வயசாகாதும்மா" என்றேன். "பல பேரைச் சேர்த்துத் தைச்ச ஆளோட ஒரு எழுத்து மாறாம ஒத்துப்போற ஒருத்தர் உலகத்துலயே இருக்க முடியாது. ஒத்துப்போனா, மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம்."

"பற்பசை விளம்பரத்துல பின்னாடி நிக்கிற அம்மா நான்" என்றார் மலர்ச்சி மேடம் வாடிய குரலில். முதல் தடவையாக வாயை மூடினார். மூடியதும் நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். "குப்பைத்தொட்டி விளம்பரம்னுதான் சார் சொன்னாங்க."

முதலாளியம்மா தலைவரைப் பார்த்த பார்வையில், செருப்பில் எதையோ மிதித்துவிட்டவரின் முகம். "ச்சீ! வீடு வீடாப் போய்க் கேக்க வேண்டியதுக்குச் சம்பளம் வாங்கிக்கிட்டு, வேஷம் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே. இதைவிட அந்தத் தொட்டிக்குள்ள இருக்கிறது சுத்தம்யா."

கேள்விக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் மீசையைத் தடவினேன். அங்கேதான் வண்டி குடை சாய்ந்தது.

"நீ நிமிராதே" என்றார் முதலாளியம்மா அவளிடம். "அது பொய்ங்கறதால இது நிஜம் ஆயிடுமா? உன் ஆள் எங்கே?"

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஆபரேஷன் தியேட்டர்காரர் கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி. லாரி ஓட்டுநர் சட்டையெல்லாம் நாய்முடியோடு. தோளில் தூங்கும் பிள்ளையோடு அந்தப் பெண்.

"ஒரு ஆளைக் கேட்டேன்."

"இவங்கதாம்மா அந்த ஆள்."

"இந்தப் பொண்ணா அண்ணன்?"

"மெதுவா பேசுங்க" என்றாள் அந்தப் பெண். "தூங்குறான்."

"அவர் பொய் ஒரு துண்டா இருந்துச்சு. உன் பொய் மூணு துண்டா இருக்கு" என்றார் முதலாளியம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இப்படி ஒரு ஆள் கிடையாது. நான் நம்பல. கையெழுத்துப் போடு." காகிதம் கேள்விக்காரி பக்கம் நகர்ந்தது. தலைவரின் வாசனை மறுபடி எழுந்து அறையைச் சுற்றியது.

கேள்விக்காரி காகிதத்தைத் தொடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்தாள். "அம்மா, நான் யாரையும் காட்டலாம்னு நினைக்கல. ஒரே ஒரு தடவை இவங்க குப்பை போடுறதை மட்டும் பாருங்க. பேச வேண்டாம்."

மருமகள் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வராந்தாவின் ரோஸ் குழம்பில் ஒரு பங்கு. அதை ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் 'தடயம்' என்கிறாள். பிரித்ததும் அறையில் இருந்த எல்லோர் முகமும் ஒரே முகமாக ஆனது. தலைவரின் மல்லிகையும் எலுமிச்சையும் ஓடி ஒளிந்தன.

முதலில் ஆபரேஷன் தியேட்டர்காரர். முழங்கையால் மூடியை நெம்பினார். போட்டுவிட்டு முழங்கையை எடுத்துவிடவில்லை. அதை மூடிக்கு அடியிலேயே முட்டுக் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்கினார்.

அடுத்து லாரி ஓட்டுநர். தொட்டியைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், மூடி உட்காரும்வரை பிடியை விடவில்லை. தூங்கும் பாம்பைப் படுக்க வைப்பது போல வைத்தார்.

பிறகு அந்தப் பெண். நாற்காலியிலிருந்து தொட்டியைத் தரையில் இறக்கும்படி கண்ணாலேயே சொன்னாள். ஒரு கையில் பிள்ளை. மறு கையால் திறந்து, முழங்காலை மூடிக்கு அடியில் கொடுத்து, குப்பையைப் போட்டு, முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள்.

"மூணு பேரும் மிதியை மிதிக்கவே இல்ல" என்றார் தலைவர் ஏளனமாக. "பயன்படுத்தத் தெரியல. இப்படி!" மிதித்தார். மூடி எகிறியது. காலை எடுத்தார்.

டமார்!

பிள்ளை விழித்து வீறிட்டது. லாரி ஓட்டுநர் கையை உதறிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அந்தச் சத்தத்தில் ரோஸ் குழம்பு ஒரு துளி தெறித்து, தலைவரின் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் போய் உட்கார்ந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வெளியே ஓடினார். வராந்தாவில் அவர் என்ன செய்தார் என்பது காதில் விழுந்தது. விவரிக்க வேண்டாம்.

"நல்ல நாடகம்" என்றார் முதலாளியம்மா, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு. "மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. நான் சொந்தமா வாளி செஞ்சவ. ஒரு மூடிக்கு இவ்வளவு பயம் யாருக்கும் கிடையாது. பாருங்க."

எழுந்தார். மேசையில் மிச்சமிருந்த நாறும் பொட்டலத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் தூக்கினார். கம்பீரமாக மிதியை மிதித்தார். மூடி எகிறியது. பொட்டலத்தை உள்ளே போட்டார்.

காலை எடுப்பதற்கு முன்னால் அவருடைய இடது கை, யாரும் சொல்லாமல், அவரே கேட்காமல், மூடிக்கு அடியில் போய் நின்றது.

பிள்ளைகூட விக்கிவிட்டு நிறுத்தியது. முதலாளியம்மா தன் கையைப் பார்த்தார், அது பக்கத்து வீட்டுக்காரியின் கை போல. எடுக்கப் பார்த்தார். மூடி சற்று அசைந்ததும் கை மறுபடி முட்டுக் கொடுத்தது. கடைசியில் விரல் விரலாக உருவி, மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார். உள்ளங்கையில் ரோஸ் பிசுக்கு ஒட்டியிருந்தது.

கேள்விக்காரி பக்கம் இருந்த காகிதத்தை இழுத்தார். அந்தக் கையை அதிலேயே துடைத்து, கசக்கினார்.

"அந்தப் படத்தை மாட்டு" என்றார். "மூடியை மாத்தச் சொல்லு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு." பிறகு என்னைப் பார்த்து, ரொம்பக் கசப்போடு, கஷாயம் குடிப்பது போல ஒவ்வொரு சொல்லாக விழுங்கிச் சொன்னார்: "இருக்கான்யா. அந்தச் சிடுமூஞ்சி இருக்கான். இப்போதான் என் கைக்குள்ள வந்துட்டுப் போனான்."